ஏட்டில் சுய், வெண்கலத்தில் ஸெங்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, 2400 ஆண்டுப் பழைமை கொண்ட சீன வெண்கல மணிகளின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்க நேர்ந்தது. கோயில் மணியைப் போல நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும் மணிகள் அல்ல அவை. தட்டியதும் தெளிவாக ஒரு சுரத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த சுரத்துக்கு வழிவிட்டு அடங்கிவிடும் மணிகள். அவற்றுக்கு உரியவர் யார் என்று தேடியபோது ‘ஸெங் நாட்டுக் கோமான் யி’ என்ற விடை எளிதாகவே கிடைத்தது. ஆனால் அந்த ஸெங் நாட்டின் கதையை அறிய, பழைய சீன வரலாற்று ஏடுகளின் மொழிபெயர்ப்புகளைப் புரட்டியபோதுதான் சிக்கல் தொடங்கியது. மணிகள் கிடைத்த இடத்தில் அப்படி ஒரு நாடு இருந்ததாக அந்த ஏடுகளில் ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு பெரிய இசைக்கருவியைச் செய்துகொள்ளும் அளவுக்குச் செல்வம் படைத்த ஒரு நாட்டை வரலாற்றாசிரியர்கள் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்ற வியப்பு என்னைப் பல மாதங்கள் விடவில்லை. அப்படித் தேடிப் படித்ததை இங்கே எழுதிவைக்கிறேன். சீனப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் கொண்டுவர இயலாது. ஏறத்தாழ உள்ள ஒலியையே தந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கல்லறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நடுச் சீனத்தில் ஹூபெய் மாகாணத்தைச் சேர்ந்த சுய்ஜோவ் நகரின் ஓரத்தில் லெய்குதுன் என்றொரு மேடு இருக்கிறது. 1977 செப்டம்பரில், அங்கிருந்த விமானப்படைப் பணிமனை ஒன்றை விரிவாக்குவதற்காகக் குன்றைச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது, செம்பாறைக்கு நடுவே பழுப்பு நிறத்தில் மென்மையான மண் வெளிப்பட்டது. இயற்கையாக அமைந்த மண் அப்படி இருக்காது என்று ஐயுற்ற அதிகாரிகள் தொல்லியலாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். 1978 மே மாதம் அகழாய்வு தொடங்கியது. லெய்குதுன் என்ற பெயருக்கு ‘முரசு கொட்டும் மேடு’ என்று பொருள் என்பதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். மேட்டுக்குள்ளே முரசும் இருந்தது, மற்ற இசைக்கருவிகளோடு சேர்த்து 125 கருவிகள் இருந்தன.

பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 220 சதுர மீட்டர் பரப்பில், பெரும் மரக்கட்டைகளால் நான்கு அறைகள் அமைத்து, அவற்றின் மேல் 60 டன் அளவுக்குக் கரியைக் கொட்டி, களிமண்ணும் கற்பலகைகளும் பரப்பி மூடியிருந்தார்கள். திருடர்கள் எப்போதோ ஒரு துளையிட்டு உள்ளே இறங்க முயன்றிருக்கிறார்கள். ஆனால் அறைகளுக்குள் நிலத்தடி நீர் நிரம்பிக் கிடந்ததால் பெரிதாக எதையும் எடுக்க முடியவில்லை. அந்த நீரே மரத்தையும் அரக்குப் பூச்சையும் காப்பாற்றிக் கொடுத்தது. அகழாய்வாளர்கள் நீரைச் சிறிது சிறிதாக இறைத்தபோது, நடு அறையில் முதலில் மரச்சட்டம் ஒன்றின் மேற்பகுதி தெரிந்தது. பிறகு அதில் தொங்கும் மணிகள் வரிசை வரிசையாக வெளிவந்தன. 24 நூற்றாண்டுகளாக அந்தச் சட்டம் சாயாமல் நின்றிருந்தது.

மணிகள் 65. மூன்று அடுக்குகளாக, நீண்ட பக்கம் 7.48 மீட்டரும் குறுகிய பக்கம் 3.35 மீட்டருமாக, ஒரு மூலையில் வளைந்து நிற்கும் சட்டத்தில் அவை தொங்குகின்றன. விட்டங்களைத் தலையாலும் கைகளாலும் தாங்கி நிற்பவை, இடையில் வாள் செருகிய ஆறு வெண்கல வீரர் உருவங்கள். மிகச் சிறிய மணியின் எடை 2.4 கிலோ, மிகப் பெரியதன் எடை 203.6 கிலோ, மொத்த எடை இரண்டரை டன்னுக்கு மேல். எண்களைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவற்றின் வடிவம்தான். நாம் அறிந்த மணியின் வாய் வட்டமாக இருக்கும். இவற்றின் வாயோ வாதுமைக் கொட்டையைப் போல இருபுறமும் கூர்ந்து தட்டையாக இருக்கிறது. அதனால்தான் ஒலி நீண்டு நிற்காமல் விரைவில் அடங்குகிறது. அதே காரணத்தால், ஒரே மணி இரண்டு சுரங்களைத் தருகிறது: நடுவில் தட்டினால் ஒன்று, பக்கத்தில் தட்டினால் மற்றொன்று. நம் இசையின் மொழியில் சொன்னால், முதல் தட்டு சட்ஜமம் என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் தட்டு சில மணிகளில் சாதாரண காந்தாரமாகவும் சிலவற்றில் அந்தர காந்தாரமாகவும் ஒலிக்கும். உருக்கிய வெண்கலத்தை அச்சில் ஊற்றி, ஆறிய பின் உட்புறத்தை அராவி அராவி இந்த இரண்டு சுரங்களையும் ஒரே நேரத்தில் சரிசெய்வது என்றால், அந்தப் பட்டறைக்காரர்களின் காது எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். தொகுதி முழுவதும் சேர்ந்து ஐந்து ஸ்தாயிகளைத் தொடுகிறது. நடுவிலுள்ள ஸ்தாயிகளில் பன்னிரண்டு சுரத்தானங்களும் கிடைக்கின்றன.

மணிகளிலும், சட்டத்திலும், தொங்கவிடும் கொக்கிகளிலும் சேர்த்து 3755 எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மணியும் எந்த இடத்தில் தட்டினால் எந்தச் சுரம் ஒலிக்கும் என்பதோடு, அதே சுருதிக்குச் சூ நாட்டில் என்ன பெயர், ஜின் நாட்டில் என்ன பெயர், பேரரசரான ஜோவ் மன்னரின் அரசவையில் என்ன பெயர் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அண்டை நாட்டு வித்துவான் வந்தால் குழம்பாமல் வாசிக்க வேண்டும் என்ற கவலை, சுற்றிலும் பெரிய நாடுகள் சூழ்ந்த ஒரு சிறிய நாட்டுக்கே உரிய கவலை என்று எனக்குத் தோன்றியது. பெரிய நாடு தன் பெயரை மட்டுமே எழுதியிருக்கும்.

மற்றப் பொருள்களை விரைவாகக் கடந்துவிடுகிறேன். மூன்று கால்களுடைய ஒன்பது வெண்கல அண்டாக்களும் எட்டுச் சோற்றுக் கலங்களும் இருந்தன. மரபு நூல்களின்படி இந்த எண்ணிக்கை பேரரசருக்கு உரியது, ஆனால் அந்தக் காலத்தில் அந்த விதியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. உள்ளே மதுவும் சுற்றிலும் பனிக்கட்டியும் வைப்பதற்கான இரட்டைக் கலங்கள் இருந்தன. ஒரு துணிப்பெட்டியின் மூடியில், நடுவே சப்தரிஷி மண்டலத்தைக் குறிக்கும் எழுத்தும் அதைச் சுற்றி 28 நட்சத்திர மனைகளின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. சீனத்தில் அந்த 28 பெயர்களும் முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய சான்று அதுவே. இவற்றுக்கிடையே கண்ணை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 45 வயதில் இறந்த கோமானோடு, 13 முதல் 25 வயதுக்கு உட்பட்ட 21 பெண்களும் தனித்தனிப் பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் அந்த மணிகளை வாசித்தவர்களாகவும் இருந்திருக்கலாம். ஒலிப்பதிவை இப்போது கேட்கும்போதெல்லாம் அந்த 21 பெட்டிகளும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

கீழ் அடுக்கின் நடுவில், மற்ற மணிகளோடு ஒட்டாமல், வாயின் விளிம்பு வளையாமல் நேராக, வேறு வடிவில் ஒரு மணி தொங்குகிறது. அது இசைக்கான மணி அன்று, பரிசு. அதிலுள்ள 31 எழுத்துகள் சொல்வது இதுதான்: சூ நாட்டு மன்னன் தன் ஆட்சியின் 56ஆம் ஆண்டில் ஸெங் நாட்டுக் கோமான் யிக்காக இந்த வழிபாட்டுப் பொருளைச் செய்வித்து, ஷியாங் என்ற இடத்தில் வைத்தான், என்றென்றும் இதைக் கொண்டு படையலிடுக. 56 ஆண்டுகள் ஆண்ட சூ மன்னன் ஹுய் ஒருவன்தான் என்பதால், ஆண்டு கி.மு. 433 என்று உறுதியாகிறது. இந்த மணிக்கு இடம் கொடுப்பதற்காக, தொகுதியைச் சேர்ந்த ஒரு பெரிய மணியைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். சுருதிக் கோவையில் ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை, வல்லரசு மன்னனின் பரிசு நடுநாயகமாகத் தொங்க வேண்டும் என்பது முடிவாக இருந்திருக்கிறது. இதே வாசகம் கொண்ட இரண்டு மணிகள் சோங் பேரரசுக் காலத்திலேயே (கி.பி. 10–13ஆம் நூற்றாண்டு) அன்லு என்ற ஊரில் கிடைத்து, அக்காலப் பழம்பொருள் ஆய்வாளர்கள் அவற்றைப் படியெடுத்தும் வைத்திருந்தார்கள் என்பது கூடுதல் செய்தி.

இங்கேதான் கேள்வி எழுகிறது. பரந்த சூ நாட்டின் மன்னன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் இந்த ஸெங் நாடு எது? பழைய ஏடுகளில் ஸெங் என்ற பெயரில் ஒரு நாடு உண்டு. ஆனால் அது வெகு தொலைவில், இன்றைய ஷான்தோங் பகுதியில் இருந்தது, வேறு குலத்தைச் சேர்ந்தது, கோமான் யி பிறப்பதற்கு முன்பே, கி.மு. 567இல், அழிந்தும் போயிற்று. மறுபுறம், சுய்ஜோவ் நகரைச் சுற்றிய நிலத்தில் அதே காலத்தில் சுய் என்ற நாடு இருந்ததாக ஏடுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நகரத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அப்படியென்றால் அந்த நிலத்தைத் தோண்டும்போது சுய் நாட்டுக் கோமான்களின் பெயர் பொறித்த வெண்கலங்கள் கிடைக்க வேண்டும். கிடைத்தவை எல்லாம் ஸெங் என்றே சொல்கின்றன. ஏட்டில் உள்ள நாடு மண்ணில் இல்லை. மண்ணில் உள்ள நாடு ஏட்டில் இல்லை. 1978இலேயே வரலாற்றறிஞர் லி ஷுவேச்சின் இரண்டும் ஒரே நாடுதான் என்று எழுதினார். எளிமையான விடைதான், ஆனால் ஒரு நாட்டுக்கு இரண்டு பெயர் ஏன் என்று கேட்டவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். விவாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

அந்த விவாதத்தின் முடிவைச் சொல்வதற்கு முன், ஏடுகள் சுய் நாட்டைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான செய்திகள் ‘ஸுவோ ஜுவான்’ என்ற பழைய ஆண்டுக்குறிப்பு விளக்க நூலில் இருக்கின்றன. ‘ஹான் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நாடுகளில் சுய்தான் பெரியது’ என்கிறது அது. பெரியது என்றால் சிறியவற்றுள் பெரியது. வடக்கே தொங்பாய் மலைத்தொடர், தெற்கே தாஹோங் மலைத்தொடர், நடுவே ஒரு நீண்ட தாழ்நிலம். தெற்கத்திச் செம்புச் சுரங்கங்களிலிருந்து வடக்கே ஜோவ் மன்னர்களின் தலைநகரங்களுக்கு உலோகம் போகும் வழிகளில் ஒன்று அது. ஜோவ் மன்னர்கள் தங்கள் குலத்தவரான ஜி குடியினரை அங்கே குடியேற்றியது காரணமில்லாமல் அன்று.

தெற்கே சூ நாடு வளர்ந்தபோது, அதன் பார்வை முதலில் விழுந்தது சுய் மீதுதான். கி.மு. 706இல் சூ மன்னன் வூ படையெடுத்து வந்தான். அமைச்சன் தோவ் போபி ஒரு தந்திரம் சொன்னான்: வேண்டுமென்றே நம் படையை நலிந்ததுபோலக் காட்டுவோம், சுய் நாட்டார் செருக்குற்றுத் துரத்தி வருவார்கள், மற்றச் சிறு நாடுகளை மதிக்காமல் விலக்கிவிடுவார்கள். தூது வந்திருந்த சுய் நாட்டு அதிகாரி அந்தத் தூண்டிலில் மாட்டிக்கொண்டான். ஆனால் சுய் கோமானிடம் ஜி லியாங் என்றொரு அமைச்சர் இருந்தார். துரத்த வேண்டாம் என்று அவர் தடுத்தபோது, ‘என் பலிவிலங்குகள் கொழுத்திருக்கின்றன, படையல் தானியம் நிறைந்திருக்கிறது, தெய்வங்கள் என்னை ஏன் கைவிடப் போகின்றன?’ என்று கோமான் கேட்டார். ஜி லியாங் சொன்ன விடை: ‘மக்களே தெய்வங்களுக்குத் தலைவர்கள், அதனால்தான் அக்கால நல்லரசர்கள் முதலில் மக்களுக்கு வேண்டியதை நிறைவேற்றிவிட்டுப் பிறகுதான் தெய்வங்களைக் கவனித்தார்கள்.’ குடிமக்கள் பசித்திருக்கும்போது பலிவிலங்கு கொழுத்திருப்பதைக் காட்டித் தெய்வத்தை ஏமாற்ற முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். கன்ஃபூஷியஸ் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, ஒரு சிற்றரசின் அமைச்சர் தன் தலைவனின் முகத்துக்கு நேரே சொன்ன சொல் இது. கோமான் அஞ்சி ஆட்சியைத் திருத்திக்கொண்டார். சூ படையும் திரும்பிச் சென்றது.

இரண்டே ஆண்டுகளில் கதை மாறிவிட்டது. தூண்டிலில் மாட்டிய அந்த அதிகாரி கோமானின் செல்லப்பிள்ளையாகிவிட்டான். கி.மு. 704இல் சூ மீண்டும் வந்தபோது, முதலில் பணிவதாகச் சொல்லுவோம், ஏற்காவிட்டால் பிறகு போரிடுவோம், அப்போது நம் வீரர்களுக்குச் சினம் ஏறியிருக்கும், அவர்கள் அசட்டையாக இருப்பார்கள் என்றார் ஜி லியாங். போர் மூண்ட பிறகும், மன்னன் இருக்கும் இடப்பக்கத்தை விட்டுவிட்டு, வலுவற்ற வலப்பக்கத்தைத் தாக்கச் சொன்னார். மன்னனை நேருக்கு நேர் எதிர்க்காவிட்டால் நாம் அவனுக்குச் சமம் ஆகமாட்டோம் என்று அந்தச் செல்லப்பிள்ளை மறுத்தான். விளைவு, கோமான் தப்பியோடினார். அவருடைய தேரையும் அந்த அதிகாரியையும் சூ படை பிடித்துக்கொண்டு போனது. சூ மன்னன் நாட்டையே விழுங்கிவிட எண்ணியபோது, தடுத்தவன் அதே தோவ் போபிதான்: ‘வானம் அவர்களுடைய நோயை நீக்கிவிட்டது, இனி சுய்யை வெல்ல முடியாது’ என்றான். பிடிபட்ட அதிகாரியைத்தான் நோய் என்கிறான். எதிரி நாட்டின் நலத்தை இவ்வளவு துல்லியமாக அளக்கத் தெரிந்தவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வரலாற்றாசிரியர் ஸிமா ச்சியென் இந்தப் போர்களுக்கு இன்னொரு பின்னணியைத் தருகிறார். சூ மன்னன் தன் பட்டத்தை உயர்த்தித் தரும்படி ஜோவ் பேரரசரிடம் கேட்க, இடைத்தரகராகச் சுய் நாட்டை அனுப்பினான், ஜோவ் மறுத்தது, சினங்கொண்ட சூ தலைவன் தனக்குத் தானே ‘மன்னன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். பிறகு ஜோவ் பேரரசர் சுய் கோமானை அழைத்து, அவனை மன்னன் என்று ஏற்றதற்காகக் கடிந்துகொண்டார். இது தெரிந்ததும், சுய் தனக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சூ மன்னன் எண்ணி மீண்டும் படை திரட்டினான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். சுய் நாடு மத்தளமாக இருந்தது.

கி.மு. 690இல் நடந்த அந்தப் படையெடுப்பில், புறப்படும் முன்பே மன்னனின் நெஞ்சு தடுமாறியது. வழியில் ஒரு மரத்தடியில் இறந்துபோனான். அமைச்சர்கள் அதை மறைத்துவிட்டு, புதிதாகப் பாதை வெட்டி, ஆற்றுக்குப் பாலம் கட்டி, சுய் நகரின் முன் பாசறை போட்டார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு மிரட்டிய அந்தப் படையைக் கண்டு அஞ்சிச் சுய் சமாதானம் பேசியது. ஹான் ஆற்றைத் திரும்பக் கடந்த பிறகே மன்னனின் சாவை அறிவித்தார்கள். கி.மு. 640இல் மற்றச் சிறு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு சுய் ஒரு முறை கலகம் செய்தது, தோற்றது. அதன் பிறகு அது சூ நாட்டின் நிழலில் அமைதியாக ஒதுங்கிக்கொண்டது. ஹான் ஆற்றங்கரையில் இருந்த ஜி குலத்து நாடுகள் ஒவ்வொன்றாக மறைந்தபோதும், சுய் மட்டும் எஞ்சி நின்றது.

கி.மு. 506இல்தான் அந்த நாட்டின் வாழ்வில் மிகப் பெரிய நாள் வந்தது. கிழக்கே யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த வூ நாடு (முன்னர்ச் சொன்ன மன்னனின் பெயரோடு ஒலியில்தான் ஒற்றுமை, எழுத்து வேறு) சூ படையைச் சிதறடித்துத் தலைநகர் யிங்கைக் கைப்பற்றியது. சூ மன்னன் ஜாவ், தங்கையை அழைத்துக்கொண்டு ஓடினான். சதுப்புநிலத்தில் கொள்ளையர் தாக்கினார்கள். மன்னன் மேல் விழவிருந்த ஈட்டியை உடன் வந்தவன் தன் தோளில் வாங்கிக்கொண்டான். அடுத்துத் தங்கிய இடத்தில், மன்னனுடைய தந்தை கொன்ற ஒருவரின் மகன் பழிவாங்கக் காத்திருந்தான். அந்த மகனின் அண்ணன்தான் தடுத்து, மன்னனைச் சுய் நாட்டுக்கு அழைத்துவந்தான். வூ படை விடாமல் பின்தொடர்ந்து வந்தது.

அப்போதைய நிலையை ஸுவோ ஜுவான் ஒரே வரியில் சொல்கிறது: சூ மன்னன் கோமானின் அரண்மனைக்கு வடக்கே இருந்தான், வூ நாட்டார் அதற்குத் தெற்கே இருந்தார்கள். நடுவில் ஒரு சிறிய அரண்மனை. வூ தரப்பினர் சொன்ன வாதம் நியாயமானது. அவர்களும் ஜி குலம், சுய்யும் ஜி குலம். ‘ஹான் ஆற்றங்கரையில் இருந்த ஜோவ் வழிவந்தோரையெல்லாம் சூ விழுங்கித் தீர்த்துவிட்டது, இப்போது வானமே அதைத் தண்டிக்கிறது, நீங்கள் ஏன் அவனை ஒளித்துவைக்கிறீர்கள்? ஒப்படைத்தால் ஹான் ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலம் உங்களுக்கே’ என்றார்கள். மன்னனைப் போலவே தோற்றம் கொண்ட ஸிச்சி என்ற அவனுடைய அண்ணன், மன்னனின் உடையை உடுத்திக்கொண்டு, ‘என்னைக் கொடுத்துவிடுங்கள், மன்னன் தப்பிவிடுவான்’ என்றான். சுய் நாட்டார் அவனைக் கொடுக்கலாமா என்று குறி பார்த்தார்கள். குறி நல்லதாக வரவில்லை. அதன் பிறகு அவர்கள் வூ நாட்டாருக்குச் சொன்ன மறுமொழி: ‘சுய் ஒதுங்கிய, சிறிய நாடு, சூவுக்கு மிக அருகில் இருக்கிறது, உண்மையில் சூதான் எங்களை வாழவிட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்ட உறுதிமொழிகள் இன்றுவரை மாறவில்லை. துன்பம் வந்ததும் கைவிட்டால், நாளை உங்களிடம் எந்த முகத்தோடு பணிசெய்வோம்?’ வூ படை பின்வாங்கியது.

இந்த மறுமொழியை முதலில் படித்தபோது, வீரமான சொல் என்று எண்ணினேன். மறுபடி படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. அந்தப் பேச்சின் முடிவில், சூ நிலம் முழுவதையும் நீங்கள் அமைதிப்படுத்திவிட்டால் உங்கள் ஆணையைக் கேட்காமலா இருப்போம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். யார் வென்றாலும் பிழைத்துக்கொள்ள வழி வைத்த பேச்சு அது. எந்த வல்லரசும் நிலைக்காது என்பதைக் கண்கூடாகக் கண்டவர்களின் பேச்சு.

இனி, மண் சொன்ன மறுபக்கம். 2009இல் சுய்ஜோவ் நகரின் வென்ஃபெங்தா என்ற இடத்தில், கோமான் யூ என்பவரின் கல்லறை வெளிப்பட்டது. கோமான் யிக்குச் சற்று முந்தியவர் இவர். அவருடைய மணிகளில் நீண்ட வாசகம் ஒன்று இருந்தது. தம் முன்னோர் ஜோவ் மன்னர்களான வென், வூ இருவருக்கும் துணைநின்று ஷாங் பேரரசை வீழ்த்தியதையும், பேரரசர் ‘நான்கோங்’ என்ற பட்டம் பெற்ற முன்னோரைத் தெற்கே அனுப்பி, ஹுவாய் ஆற்றங்கரைப் பழங்குடிகளைக் கண்காணிக்கச் சொன்னதையும் முதலில் சொல்கிறார். ஜோவ் அரச குலம் தாழ்ந்துவிட்ட பிறகு நாங்கள் சூவோடு இணங்கிப்போனோம் என்று அடுத்து வெளிப்படையாக எழுதுகிறார். பிறகு வருகிறது நாம் மேலே கண்ட அதே நிகழ்ச்சி: வூ நாடு ஆட்பெருக்கத்தை நம்பி அட்டூழியம் செய்தது, மேற்கும் தெற்கும் படையெடுத்தது, சூ நாடு குலைந்துபோனது, அப்போது ஸெங் கோமான் தானே போரில் இறங்கிச் சூவின் விதியை நிலைநிறுத்தி, சூ மன்னனை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்.

ஏட்டில் சூ மன்னனைக் காப்பாற்றியது சுய். மணியில் சூ மன்னனைக் காப்பாற்றியது ஸெங். ஒரே மன்னனை ஒரே ஆண்டில் இரண்டு நாடுகள் காப்பாற்றியிருக்க முடியாது. மணியிலிருந்து குறி பார்த்ததும் மழுப்பல் பேச்சும் காணாமல் போய், கோமான் வாளேந்தி நிற்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவரவர் வீட்டு மணி அவரவர் புகழைத்தானே ஒலிக்கும்! ஆனாலும் அந்த மன்னன் ஜாவின் மகன்தான் ஹுய் என்பதையும், 73 ஆண்டுகளுக்குப் பிறகு அவன் கோமான் யிக்காக மணி வார்ப்பித்து அனுப்பினான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தந்தையைக் காத்த வீட்டை மகன் மறக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்வது பொருத்தமாகவே படுகிறது.

அதன் பிறகு சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2011இல் தோண்டத் தொடங்கிய யெஜியாஷான் கல்லறைகள், ஜோவ் ஆட்சியின் தொடக்கத்திலேயே, கி.மு. 11ஆம் நூற்றாண்டு அளவில், ஸெங் கோமான்கள் அங்கே இருந்ததைக் காட்டின. ‘நான்கோங்’ என்ற முன்னோரின் பெயரும் அங்கே கிடைத்தது. வென்ஃபெங்தாவில் 2013 வாக்கில், ஸெங் கல்லறைகளுக்கு நடுவே, ‘சுய் நாட்டுப் படைத்தலைவர்’ என்று பொறித்த வெண்கல ஆயுதம் ஒன்று முறையான அகழாய்விலேயே கிடைத்தது.

இறுதியில் வழக்கைத் தீர்த்துவைத்தவர் ஒரு பெண். சூ மன்னன் தன் குலத்துப் பெண் மி ஜியாவை ‘சுய்’ நாட்டுக்கு மணமுடித்துக் கொடுத்தபோது சீராகச் செய்த மூன்று கால் அண்டா ஒன்று ஏற்கெனவே அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. 2019இல், ஸாவ்ஷுலின் என்ற இடத்தில் (இலந்தைத் தோப்பு என்று பொருள்) அந்த மி ஜியாவின் கல்லறையே கிடைத்தது. அவர் படுத்திருந்தது ‘ஸெங்’ கோமான் பாவின் அருகில், அவருடைய மனைவியாக. பிறந்த வீட்டார் சுய் என்று எழுதி அனுப்பிய நாட்டில், புகுந்த வீட்டார் தங்களை ஸெங் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றையும் அவருடைய மணிகள் சொல்கின்றன: கணவர் முன்னதாகவே மறைந்துவிட, நாட்டின் எல்லைகளைக் காத்து ஸெங் நாட்டை நடத்தியது தாமே என்கிறார் அவர். ஏடுகளில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த நாட்டின் வரலாற்றில் ஜி லியாங்குக்கு அடுத்து நான் சந்தித்துப் பேச விரும்பும் ஆள் மி ஜியாதான்.

ஏன் இரண்டு பெயர்? நாடு ஸெங், தலைநகரம் சுய். வெளியார் தலைநகரத்தின் பெயரால் நாட்டை அழைத்தார்கள் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. வரலாற்றை எழுதியவர்கள் வடக்கே இருந்த வெளியார். அவர்கள் கேள்விப்பட்ட பெயரை எழுதினார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் பெயரை அண்டாவிலும் மணியிலும் வார்த்து, பூமிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கோமான் யியின் பெயர் மட்டும் அவருடைய கல்லறைப் பொருள்களில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது.

ஏடுகளில் சுய் கடைசியாகத் தென்படுவது கி.மு. 494இல், சூ மன்னனோடு சேர்ந்து ச்சாய் நாட்டை முற்றுகையிட்ட நாடுகளுள் ஒன்றாக. கோமான் யியின் அடக்கம் அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தியது. 1981இல் லெய்குதுன் மேட்டின் மற்றொரு கல்லறையில் 36 மணிகள் கிடைத்தன, அது அவருக்கும் பிந்தியது. பிறகு ஸெங் என்ற எழுத்து மெல்ல மறைந்துவிடுகிறது. அந்த நிலம் சூ நாடாகிவிடுகிறது. யார் அழித்தார்கள், எந்த ஆண்டில் என்று எந்த ஏடும் எழுதவில்லை.

சுய் என்ற பெயர் மட்டும் ஊர்ப்பெயராகத் தங்கியது. சுய் கோமான் ஒருவர் அடிபட்ட பாம்பைக் காப்பாற்ற, அது நன்றிக்காக ஒளிவீசும் முத்தைக் கொண்டுவந்து கொடுத்தது என்று ஒரு கதை சீனம் முழுவதும் பரவியது. நம் நாகரத்தினக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இராது. சுய் கோமானின் முத்தைக் கொண்டு குருவியை அடிப்பவனைப் பார்த்து உலகம் சிரிக்கும் என்கிறது ஜுவாங்ஸி என்ற பழைய மெய்யியல் நூல். பல நூற்றாண்டுகளுக்குப் பின், அந்த ஊரின் பெயரால் ‘சுய் கோமகன்’ என்ற பட்டம் பெற்றிருந்த குடும்பத்தில் வந்த யாங் ஜியென், கி.பி. 581இல் சீனப் பேரரசரானபோது, தன் மரபுக்குச் சுய் என்றே பெயரிட்டார். அந்த எழுத்துக்குள் ‘நடத்தல்’ என்பதைக் குறிக்கும் ஓர் உறுப்பு இருந்தது. அரசு நடந்து போய்விடக் கூடாது என்று அஞ்சி அதை மட்டும் அவர் நீக்கிவிட்டதாகப் பிற்காலத்தார் சொல்வார்கள். அவருடைய பேரரசு 37 ஆண்டுகளில் முடிந்தது. கால் வைத்த எழுத்தோடு இருந்த பழைய சிறு நாடு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அதே தாழ்நிலத்தில் இருந்திருக்கிறது.